சேந்தமங்கலத்தில் கல்யாணம், கொல்லிமலையில் குடித்தனம்

மலைமேல் வந்தவர்கள் – 9

சோளக்காட்டுச் சந்தைக்கு நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் வியாபாரிகள் வந்து குவிகிறார்கள். பலாவும் அன்னாசியும் மலைவாழைத் தாரும் பருவத்துக்குத் தக்கபடி மலைபோல் கிடக்கும். மிளகுக்கு மட்டும் தனியாக விலைப்பேச்சு நடக்கும். பேரம் படிந்ததும் சரக்கு ஏற்றிய வண்டி காரவள்ளி அடிவாரத்தை நோக்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். எதிரே ஏறி வரும் பஸ்ஸில் நாலைந்து பேராவது ஜன்னல் ஓர இடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தலை சுற்றினாலும் வயிற்றைப் புரட்டினாலும் உட்கார்ந்தபடியே கொல்லிமலை ஏறிவிடலாம்.

1913-இல் அது நடக்காது. மலைக்குப் போக வேண்டுமென்றால் காலால் ஏற வேண்டும். ஏற முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்க வேண்டும். உப்பு, துணி, மண்ணெண்ணெய் எல்லாமே தலைச்சுமையாகத்தான் மேலே போயின. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு கல்யாணப் பெண்ணும் அப்படித்தான் மலையேறினார்.

பெண்ணின் பெயர் எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ். 1879-இல் லண்டனில், வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். நல்ல உடைகளும் இறகு வைத்த தொப்பிகளும் பழகிய வாழ்க்கை. மாப்பிள்ளை ஜெஸ்ஸி மான் பிராண்ட். கட்டட வேலை கற்றவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்ப நாடுகளின் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கவும் பயிற்சி பெற்றவர். அந்தக் கல்லூரி முழு மருத்துவர்களை உருவாக்கியதில்லை. டாக்டர் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் காய்ச்சலையும் காயத்தையும் சமாளிக்கத் தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுத்தது. ஜெஸ்ஸி 1907-இல் இந்தியா வந்தார். அவர் பேச்சை லண்டனிலேயே கேட்டிருந்த எவலின் சில ஆண்டுகள் கழித்துச் சென்னைக்குக் கப்பலேறினார். கல்யாணத்தின்போது அவருக்கு வயது 34. மாப்பிள்ளை அவரைவிட இளையவர். லண்டனிலும் சரி, சேந்தமங்கலத்திலும் சரி, அந்தக் காலத்தில் நாலு பேர் பேசக்கூடிய விஷயம்தான் இது.

இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊரையும் உறவையும் விட்டு, சொற்ப உதவித்தொகையில் வாழ வந்த இவர்களை வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் என்று இன்று சொல்லத் தோன்றும். அது ஓரளவுதான் பொருந்தும். அவர்கள் வந்தது கிறித்தவ சமயத்தைப் பரப்புவதற்காக. அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. மருந்துப் பெட்டியும் வேதப் புத்தகமும் ஒரே மூட்டையில்தான் மலையேறின. இந்தக் கல்யாணத்தின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

கல்யாணம் நடந்தது சேந்தமங்கலத்தில். மலையின் காலடியில் மிஷனுக்கு இருந்த இடம் அதுதான். அந்த வட்டாரத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் ஊரில் கல்யாணம் என்றால் தாய்மாமன் எங்கே, அத்தை எங்கே என்ற கேள்விதான் முதலில் வரும். கடல் கடந்து வந்தவர்களுக்கு அந்த உறவெல்லாம் பல வாரப் பயணத் தொலைவில் இருந்தது. அழைப்புக் கடிதம் லண்டனுக்குப் போய்ப் பதில் வர ஒன்றரை மாதமாவது ஆகும். ஆகவே இத்தகைய மிஷன் கல்யாணங்களில் பெரும்பாலும் மூத்த மிஷனரி ஒருவர் பெண்ணின் அப்பா இடத்தில் நிற்பார். அவர் மனைவி அம்மாவாகிவிடுவார். கூடத் தமிழ் படித்த பெண்கள் அக்கா, தங்கைகள். நேற்றுவரை வேலைக்கூட்டாளிகளாக இருந்தவர்கள் ஒரு நாளைக்கு உறவு முறை ஏற்றுக்கொள்வார்கள். பலருக்கு அந்த முறை ஆயுள் முழுக்க நீடித்தது. மிஷனரி வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரின் கூட்டாளிகளை மாமா, அத்தை என்றே அழைத்து வளர்ந்தார்கள்.

சட்டம் கேட்டதோ மிகக் குறைவு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவர் திருமணச் சட்டப்படி கல்யாணம் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். நடத்திவைப்பவரைத் தவிர இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து.  நாள், நட்சத்திரம் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆடி கழிந்துவிட்டதா, ஆவணி பிறந்துவிட்டதா என்ற கணக்கும் இல்லை. ஆனால் மலைக்கு ஒரு கணக்கு இருந்தது. அது மழைக்காலம்.

டோரத்தி கிளார்க் வில்சன் 1976-இல் எழுதிய ‘கிரானி பிராண்ட்’ என்ற வாழ்க்கை வரலாறு அந்தப் பயணத்தைச் சொல்கிறது. சேந்தமங்கலத்தில் விருந்து முடிந்ததும் இருவரும் நேரே மலைக்குக் கிளம்பினார்கள். தேனிலவுக்கு நீலகிரியோ கோடைக்கானலோ போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. டோலியிலும் நடையிலுமாக, தொப்பலாக நனைந்து, கல்யாண உடையில் சேறு அப்பியபடி எவலின் தன் புது வீட்டை அடைந்தார். மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் காரில் போய் ஆரத்தி எடுத்துக்கொள்ளும் இன்றைய மணப்பெண்கள் அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்கும். கட்டை விரலில் அட்டை ஏறும். நாலு எட்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்.

வீட்டை ஜெஸ்ஸியே கட்டியிருந்தார். மரச் சட்டங்களைக் கீழே சமவெளியில் அறுத்து, இழைத்து, துண்டு துண்டாக ஆட்களின் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டிய வீடு. கட்டட வேலை தெரிந்த மாப்பிள்ளை கொடுத்த சீர் இது. வாழவந்தி நாட்டில்தான் அவர்களின் குடித்தனம்.

கொல்லிமலைக்காரர்களுக்கு இன்றும் ஊர் அடையாளம் ‘நாடு’தான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலை பிரிந்திருக்கிறது. இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களின் பழங்கதை. சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என மூவரும் ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன் பதிவு செய்த வடிவம் சொல்கிறது. எங்கிருந்தோ வந்து, மலையேறி, குடும்பம் வைத்து, ஊரானவர்கள் என்ற கதையைத் தங்கள் பிறப்புக் கதையாகவே வைத்திருக்கும் மக்களிடம்தான் இந்தப் புதுத் தம்பதி போய்ச் சேர்ந்தது. ஆனாலும் மலைமக்கள் அவர்களை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பூசாரிகள் எதிர்த்தார்கள். மருந்து வாங்க வந்தவர்கள் வேதம் கேட்க உட்காரவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூட மதம் மாறவில்லை.

மலையாளிகளின் கல்யாணம் ஊர் கூடி நடத்துவது. ஊர்க்கவுண்டர் முன்னின்று பேசாமல் சம்பந்தம் முடியாது. பெண் வீட்டார் வரதட்சணை கொடுப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், உறவுக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பரியமும் இல்லாமல், மழையில் நனைந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் தரப்பிலிருந்து எழுத்தில் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் ஆங்கிலத்தில், வந்தவர்கள் எழுதியது.

கல்யாணத்துக்குக் காத்திருப்பது அந்தக் கால மிஷன்களில் ஒரு விதியாகவே இருந்தது. சீன உள்நாட்டு மிஷன் என்ற பெரிய அமைப்பில் நிச்சயம் ஆன ஜோடிகூட நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டு பிரிந்திருந்து, சீன மொழித் தேர்வில் தேறிய பிறகுதான் மணம் முடிக்கலாம். கேட்கக் கடுமையாகத் தெரியும். காரணம் இருந்தது. மொழி தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடொருவர் மட்டும் பேசிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்கள். ஊர் வெளியே நின்றுவிடும். எவலினும் சென்னையில் தமிழோடு மல்லுக்கட்டிய பிறகே மலைக்கு வந்தார்.

இதே காத்திருப்பை நம் ஊர் சேவை உலகத்திலும் பார்க்கலாம். டி.வி.எஸ். நிறுவனரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, பின்பு மருத்துவம் படித்தவர். கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். ஓராண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல், கடிதமும் எழுதாமல் இருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் செய்துகொள்ளலாம் என்று நிபந்தனை விதித்தார் காந்தி. மனம் மாறவில்லை. 1940-இல் காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னின்று கல்யாணத்தை நடத்திவைத்தார்கள். ஏழாண்டு கழித்து அந்தத் தம்பதி சின்னாளப்பட்டி அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். சர்வோதய ஊழியர் ஜெகந்நாதனோ, நாடு விடுதலை பெறும்வரை மணப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். கிருஷ்ணம்மாளை அவர் மணந்தது 1950-இல். மணமேடையிலிருந்து இறங்கி அவர்கள் நடந்த பாதை நிலமற்றவர்களின் சேரிக்குத்தான் போனது.

சமயம் வேறு, கொள்கை வேறு. ஆனால் இந்தக் கல்யாணங்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: இந்த இரண்டு பேர் சேர்ந்தால் வேலை கூடுமா, குறையுமா?

கொல்லிமலையில் வேலை கூடியது என்பதில் சந்தேகமில்லை. தனி ஆணாக ஜெஸ்ஸி எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் பிரசவ வலி எடுத்த பெண்ணின் குடிசைக்குள் அவரால் எளிதில் நுழைந்திருக்க முடியாது. எவலினால் முடிந்தது. குடிசைக்குள் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார், பச்சைக் குழந்தைகளைக் கையில் வாங்கினார். கல்யாணமாகி ஓராண்டு முடிவதற்குள், 1914 ஜூலை 17 அன்று அவருக்கே ஒரு மகன் பிறந்தான். பெயர் பால். அடுத்து மகள் கான்ஸ்டன்ஸ், வீட்டில் கோனி. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயை எந்த ஊரும் அந்நியராக ரொம்ப நாள் நிறுத்தி வைக்காது.

ஜெஸ்ஸி பள்ளிகள் திறந்தார், மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தார், ஆரஞ்சு நட்டார். மலைமக்களைச் சுரண்டிய வட்டிக்காரர்களோடு மோதினார். அவர் அதிகம் பார்த்த நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. திறந்த படிக்கிணற்றுத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகிவிடும். சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக இழுக்க வேண்டும். அப்பா குச்சியில் புழு சுற்றுவதைப் பார்த்து வளர்ந்ததை மகன் பால் பின்னாளில் எழுதினார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாலே போதும் என்று ஜெஸ்ஸி ஊர் ஊராகச் சொன்னார். அது சரியான வழிதான். அந்த வழியையே முக்கியமாகக் கொண்டு நடந்த தேசியத் திட்டத்தின் முடிவில் இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-இல் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாகச் சான்று கொடுத்தது.

1918-19 இன்புளூயன்சா மலையையும் விடவில்லை. வீடு வீடாகப் படுத்தார்கள். கஞ்சி காய்ச்சி ஊற்றக்கூட ஆளில்லாத குடிசைகளுக்குப் பிராண்ட் தம்பதி கஞ்சியும் மருந்தும் கொண்டுபோனார்கள். அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் குழந்தையை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தது. ஐந்தாறு ஆண்டு பிரசங்கத்தால் திறக்காத கதவு அதன் பிறகுதான் திறந்தது. சாகப்போகிற மனிதர் பெற்ற பிள்ளையை யாரிடம் கொடுப்பார்? உறவு என்று நம்புகிறவரிடம்தான். சேந்தமங்கலத்துக் கல்யாணத்தில் இல்லாமல் போன சம்பந்தம் அன்றைக்கு மலையில் ஏற்பட்டது.

இந்தக் குடும்பத்துக்கும் வலி குறைவில்லை. 1923-இல் ஒன்பது வயது பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்து ஆளைக் கொல்லும் நோய் அது. வயது 44. கொல்லிமலைக் காய்ச்சலுக்குப் பயந்து அதிகாரிகளே மேலே தங்கத் தயங்கிய காலம். செய்தி தந்தியில் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் அப்பா சாவதற்கு முன் எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. இறந்துபோன தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வாராவாரம் கடிதம் வந்தது. மரங்களையும் பூச்சிகளையும் மலையையும் பற்றி எழுதிய கடிதங்கள்.

கல்யாணத்தால் வந்த பெண், புருஷன் போனதும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். எவலின் கொஞ்ச காலம் இங்கிலாந்து போனார், திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. மனசெல்லாம் மலையில். 68 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. விடைபெற்று ஊருக்குப் போக வேண்டிய அந்தப் பாட்டி மறுபடி கொல்லிமலை ஏறிவிட்டார். இனி நான் உங்கள் ஊழியர் அல்ல, மலைக்காரர்களில் ஒருத்தி என்ற நிலையை எடுத்துக்கொண்டார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் முதலான ஐந்து மலைத் தொடர்களுக்குப் போக வேண்டும் என்பது அவரும் ஜெஸ்ஸியும் சேர்ந்து கண்ட கனவு. மட்டக்குதிரையில் ஏறி அந்த மலைகளுக்கெல்லாம் போனார். குதிரையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது, முறிந்த எலும்பு கூடியதும் மறுபடி ஏறினார். கடைசியில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

அமெரிக்க அதிபர் கென்னடி 1961-இல் தொடங்கிய அமைதிப் படையில் சேர்ந்து, 1966-இல் இந்தியா வந்த லில்லியன் கார்ட்டருக்கும் அப்போது 68 வயது. மும்பை அருகே விக்ரோலியில் இரண்டு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தார். அவர் மகன் ஜிம்மி பின்னாளில் அதிபரானார். அமைதிப் படையில் தவணை பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். அதற்குள் வேலையும் செய்து, அங்கேயே காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்ட இளைஞர்கள் உலகெங்கும் உண்டு. தவணை முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டும் ஒருவர் வாழ்வில் பெரிய கொடைதான். ஆனால் ஒரு ஊருக்கு மருத்துவமனையோ பள்ளியோ நிலைத்து நிற்க வேண்டுமென்றால் தவணை பார்க்காமல் அங்கே உலை வைக்கும் குடும்பம் வேண்டும்.

அப்படி உலை வைத்தவர்களில் லாரி பேக்கரும் ஒருவர். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். 1945-இல் தொழுநோயாளிகளுக்கான மிஷன் வேலைக்காக இந்தியா வந்தார். கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப் மீது அன்பு கொண்டார். இரண்டு தரப்பு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. காத்திருந்து 1948-இல் கல்யாணம். தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் பித்தோராகர் போனார்கள். வந்திருப்பவர் டாக்டர் என்று தெரிந்ததும் மலைமக்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். தேனிலவுக்குப் போன இடத்தில் பதினைந்து ஆண்டுக்கு மேல் தங்கி மருத்துவமனை நடத்தினார்கள். அந்த மலைவீடுகளைப் பார்த்து பேக்கர் கற்றுக்கொண்டதுதான் பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய மலிவு விலை வீடுகளில் தெரிந்தது.

பிராண்ட் வீட்டின் அடுத்த கல்யாணமும் இதே பாதைக்குத்தான் வந்தது. லண்டனில் மருத்துவம் படித்த பால், உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். போர்க்காலம். வானத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் நடந்த கல்யாணம். 1946-இல் பால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார், அடுத்த ஆண்டு மார்கரெட் குழந்தைகளோடு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிவைத்து மறுபடி அசைய வைக்கும் அறுவையைப் பால் வேலூரில் வளர்த்தெடுத்தார். விரல் அழுகுவது நோயால் நேராக அல்ல, வலி தெரியாததால் படும் காயங்களால்தான் என்று எடுத்துக்காட்டினார். மார்கரெட் கண் மருத்துவர். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றும் வழிகளைக் கண்டார். கொல்லிமலையில் மரமேறி வளர்ந்த பையனின் கையால் வேலூரில் ஆயிரக்கணக்கானவர்களின் கை விரிந்தது.

கொல்லிமலைக்கு வடக்கே, தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-இல் அங்கே ஓலைக் குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். அதற்கு முன் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். மலையாளிப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தார்கள். அங்கே மதம் மாற்றும் நோக்கம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு தம்பதி மலையில் குடித்தனம் வைத்து, ஊருக்கு உறவாகி, ஊராரின் கையிலேயே வேலையை ஒப்படைப்பது என்ற முறை மட்டும் தொடர்கிறது. அந்த வகையில் சிட்லிங்கி, வாழவந்தியைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

எவலின் பிராண்ட் 1974 டிசம்பர் 18 அன்று வேலூரில் இறந்தார். வயது 95. உடலை மலைக்குக் கொண்டுவந்து ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சேந்தமங்கலத்தில் கைப்பிடித்தவர்கள் சேர்ந்து வாழ்ந்தது பதினாறு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன் பிறகு அந்தக் கல்யாணத்தின் வேலையை எவலின் தனியாகச் செய்தது நாற்பத்தைந்து ஆண்டுகள்.

இந்தக் கதையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 1913 ஆகஸ்ட் மழையில் டோலியைத் தோள் மாற்றித் தூக்கியவர்கள் யார்? வீட்டுச் சட்டங்களைத் தலையில் சுமந்து ஏறியவர்கள் எந்த நாட்டார்? முதல் பிரசவத்துக்கு எவலினைக் கூப்பிட்ட வீடு எது? வந்தவர்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது, வரவேற்றவர்களின் பெயர் இல்லை. சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகளைவிட இவர்கள்தான் அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிகள். சோளக்காடு, செம்மேடு, வாழவந்தி நாடு, சேந்தமங்கலம் பகுதி வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ சொன்ன ஒரு பெயர், ஒரு சம்பவம், பெட்டியடியில் கிடக்கும் ஒரு பழைய புகைப்படம் எது இருந்தாலும் இந்தத் தொடருக்கு எழுதி அனுப்புங்கள். வரும் வாரங்களில் அவற்றை வெளியிடுகிறோம்.